பாவாவைத் தேடி இலங்கைக்கு: கொழும்பில் தங்குவதா, பெந்தோட்டையிலா, கண்டலமவிலா?

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் சுற்றுகிறார்கள்: கண்டி தலதா மாளிகை, நுவரெலியா தேயிலைத் தோட்டம், எல்ல பாலம், கடைசி நாள் கொழும்புக் கடைவீதி. ஐந்து நாளில் பாதி வேன் ஜன்னலோரத்திலேயே கழிந்துவிடும். இதற்கு மாற்றாக, ஒரே ஒரு கட்டடக் கலைஞரின் வேலையைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டைப் பார்க்கலாம். ஜெஃப்ரி பாவா கட்டிய வீடு, தோட்டம், விடுதி, கோயில், நாடாளுமன்றம் என்று தொடர்ந்து போனால் இலங்கையின் மழையும் மரமும் ஏரியும் பாறையும் கடலும் தாமாகவே கண்ணுக்குள் வந்துவிடும். தன் கட்டடத்தைக் காட்டுவதைவிட அதற்கு வெளியே இருப்பதைக் காட்டுவதில் அதிக அக்கறை கொண்டிருந்த மனிதர் அவர்.

ஆனால் எங்கே தங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். பாவாவின் முக்கியமான வேலைகள் மூன்று இடங்களில் குவிந்திருக்கின்றன: கொழும்பு நகரம், பெந்தோட்டையை நடுவாகக் கொண்ட தென்மேற்குக் கடற்கரை, தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலம ஏரிக்கரை. நான்கைந்து நாளில் மூன்றையும் தொட்டுவிட்டு வரலாம்தான். அப்படித் தொட்டுவிட்டு வருவதற்கு பாவா ஏற்றவர் இல்லை. அவருடைய கட்டடங்களில் காலை வெயில் ஒரு மாதிரி, பிற்பகல் மழை ஒரு மாதிரி, விளக்கு வைத்த பிறகு வேறு மாதிரி. படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்புகிறவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. அதனால் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே உட்கார வேண்டும். என் தேர்வு பெந்தோட்டை. டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மே முதல் செப்டம்பர் வரை என்றால் பதில் மாறும். ஏன் என்று பார்ப்போம்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். பாவா 1919-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், அவர் வழியில் முஸ்லிம், ஐரோப்பிய இரத்தம். தாய் டச்சு பறங்கியர் வம்சம். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, லண்டனில் சட்டம் படித்து வழக்கறிஞராகி, அந்தத் தொழில் பிடிக்காமல் விட்டார். 1948-ல் பெந்தோட்டைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை விரும்பியபடி மாற்றியமைக்கத் தொழிலறிவு போதவில்லை என்று உணர்ந்துதான் மறுபடி லண்டன் போய்க் கட்டடக் கலை படித்தார். 1957-ல் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது. முதலில் தோட்டம், அதற்கு அப்புறம்தான் கட்டடம் என்ற இந்த வரிசை, எங்கே தங்குவது என்ற நம் கேள்விக்கும் ஒரு குறிப்பு.

ஆரம்பத்தில் அவரும் அக்காலத்து வழக்கப்படி தட்டையான வெள்ளைச் சுவர்க் கட்டடங்கள்தான் கட்டினார். இலங்கை மழையில் அவை பாசி பிடித்துக் கறுத்தன. 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இரும்பும் கண்ணாடியும் இறக்குமதி செய்வது கடினமானது. உள்ளூர்க் கல், செங்கல், மரம், ஓடு என்று திரும்பியதற்கு இந்த இரண்டும் காரணம். நாட்டு ஓடு போட்ட கூரை ஒழுகும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே. அவர் நெளிவுள்ள சிமெண்ட் தகட்டை அடியில் போட்டு, அதன் பள்ளங்களில் அரைவட்ட ஓடுகளைப் பதித்தார். பார்வைக்குப் பழைய கூரை, உள்ளே ஒரு சொட்டு இறங்காது. இந்த ஒரு உத்தி இல்லாவிட்டால் அவருடைய அகலமான இறவாரங்களும் திறந்த முற்றங்களும் சாத்தியமே இல்லை.

இந்தக் கதையில் தமிழர்களும் இருக்கிறார்கள். அவருடைய நீண்டகாலத் தொழில் பங்காளி பூலோகசுந்தரம் என்ற பொறியாளர். பாவா வரைந்த பெரிய கட்டடங்கள் நின்றதற்கு அவர் கணக்குகளும் ஒரு காரணம். பாவாவிடம் வேலை பார்த்துப் பின்னால் தனியாகப் பெயர் பெற்றவர் அஞ்சலேந்திரன்.

கொழும்பு

கொழும்பில் பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் கொள்ளுப்பிட்டியில் 33-ஆவது ஒழுங்கையில் இருக்கும் 11-ஆம் எண் வீடு. இது பாவாவின் சொந்த வீடு. ஒரே வரிசையில் நான்கு சின்ன வீடுகள் இருந்தன. 1958-ல் அவற்றில் ஒன்றில் வாடகைக்குப் புகுந்து, அடுத்தடுத்து மற்றவையும் கைக்கு வர, பத்து வருடத்தில் நான்கையும் ஒன்றாக்கிவிட்டார். தெருப் பக்கத்து வீட்டை இடித்து அங்கே ஒரு கோபுரம் போல மாடி எழுப்பினார். வெளியே நின்று பார்த்தால் இவ்வளவு இருக்கும் என்று நம்ப முடியாது. உள்ளே நீண்ட வெள்ளை நடை. வழியெங்கும் கையகல முற்றங்கள், அவற்றிலிருந்து விழும் வெளிச்சம். ஒரு மூலையில் செட்டிநாட்டிலிருந்து போன மரத்தூண்கள் நிற்கும். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முற்றங்களின் தர்க்கம் உடனே பிடிபடும்: நடுவில் வானத்தை வைத்துச் சுற்றிலும் வாழ்வது. நம் வீடுகளில் முற்றம் வீட்டின் மையம். இங்கே ஏழெட்டுத் திசைகளில் அது ஒளிந்திருந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று எதிர்ப்படும். வண்டிக் கொட்டிலில் அவருடைய 1934 ரோல்ஸ் ராய்ஸ் கார் நிற்கிறது. அதன் முன்னாலேயே எல்லோரும் அதிக நேரம் நிற்கிறார்கள். நீங்கள் அந்த நேரத்தை மாடிப்படிக்குக் கொடுங்கள்.

வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், முன்பதிவு கட்டாயம். மேல்மாடியில் தங்கவும் இடம் உண்டு. விலை அதிகம், ஆனால் இரவில் அந்த வீடு உங்களுக்கே.

அடுத்து, பெய்ரா ஏரியின் மேல் மிதப்பது போல நிற்கும் சீமா மாலகை என்ற பிக்குகள் மண்டபம். கங்காராம விகாரைக்குச் சொந்தமானது. முன்பிருந்த கட்டடம் நீரில் இறங்கிவிட்டதால் 1970-களின் இறுதியில் பாவா புதிதாகக் கட்டினார். அனுராதபுரத்துப் பழைய வன மடாலயங்களின் மேடைகளை மனதில் வைத்து, மூன்று மேடைகளை நீரின் மேல் வைத்துப் பாலங்களால் இணைத்தார். இறந்துபோன தங்கள் மகன் நினைவாக ஒரு முஸ்லிம் தம்பதி இதற்குப் பணம் கொடுத்தார்கள். கொழும்பின் வாகன இரைச்சலுக்கு நடுவில் இருபதடி நடந்தால் இரைச்சல் குறைவது எப்படி என்று அங்கே நின்று கவனியுங்கள். போயா எனப்படும் பௌர்ணமி தினத்தில் கூட்டம் நெரியும், அன்று வேண்டாம்.

பாவாவின் பழைய அலுவலகம் இப்போது கேலரி கஃபே என்ற உணவகம். ஒரு முற்றத்துக்கு அடுத்து இன்னொரு முற்றம், நடுவில் நீர்த்தொட்டி. ஒரு காபி விலைக்கு ஒரு பாவா கட்டடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிற இடம் கொழும்பில் இதுதான். ஆகவே மதிய வெயிலை இங்கே கழிப்பது நல்லது.

நாடாளுமன்றம் கொழும்பை ஒட்டிய கோட்டே நகரில், தியவன்னா ஏரித் தீவில் இருக்கிறது. அந்த ஏரியே சதுப்பு நிலத்தைத் தூர்வாரி உண்டாக்கியது. 1979-ல் தொடங்கி 1982 ஏப்ரலில் திறந்தார்கள். தாமிரத் தகடு வேய்ந்த கூரைகள் நீரில் தெரியும். உள்ளே போவதற்கு முறையான அனுமதி வேண்டும், பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். கரையிலிருந்து தூரத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே சுற்றுலாப் பயணிக்கு நடைமுறை. அதற்காக அரை நாளைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். போகிற வழியில் அமைந்தால் சரி.

கொழும்பின் பலம் இதுதான்: செலவு குறைவு, ஆட்டோவில் சுற்றலாம், மழை பெய்தாலும் திட்டம் கெடாது. பலவீனமும் தெளிவு. நகரத்துப் பாவா நெரிசலிலிருந்து தப்பிக்கச் சுவருக்குள் திரும்பியவர். 11-ஆம் எண் வீட்டின் அழகெல்லாம் உள்நோக்கிய அழகு. அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஓர் அறைக்குள் இருந்துகொண்டு மூன்று மைல் தூரத்துக் குன்றை அந்த அறையின் பகுதியாக்கத் தெரிந்த இன்னொரு பாவாவைப் பார்க்காமல் போய்விடுவீர்கள். எனவே கொழும்புக்கு ஒரு முழு நாள், ஒரு இரவு. அதற்கு மேல் வேண்டாம்.

பெந்தோட்டைக் கரை

கொழும்பு கோட்டை நிலையத்தில் தெற்கே போகும் ரயிலில் ஏறி வலது பக்கம் உட்காருங்கள். கொள்ளுப்பிட்டியிலேயே கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய அளுத்கம. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பெந்தோட்டை. அதிவேகப் பாதையில் காரில் வருகிறவர்கள் வெலிப்பென்னையில் இறங்க வேண்டும். அது வேகம், ஆனால் கடல் தெரியாது.

இங்கே வருவதற்கான காரணம் லுனுகங்கா. 1948-ல் வாங்கிய அதே ரப்பர் தோட்டம். தெத்துவ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம், இரண்டு தாழ்ந்த குன்றுகள். சாகும்வரை, ஏறத்தாழ ஐம்பது வருடம், பாவா இதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். முதலில் வீட்டின் வாசலையே ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினார். ரப்பர் மரங்களை வெட்டி வெளிகள் திறந்தார். தெற்கே இருக்கும் கறுவாக் குன்றின் உச்சியைச் சற்றே தாழ்த்தினார், அதற்கப்பால் தூரத்தில் இருக்கும் கட்டகுலிய விகாரையின் தாதுகோபம் என்ற வெள்ளைத் தூபி வீட்டிலிருந்து தெரிவதற்காக. இரண்டு குன்றுகளுக்கும் நடுவே ஊர்ப் பொதுப்பாதை ஒன்று போகிறது. அதை மறிக்க முடியாது. பள்ளமாக்கி, மேலே பாலம் போட்டு, வீட்டிலிருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாதபடி செய்துவிட்டார். ஊர்க்காரர்கள் கீழே சைக்கிளில் போவார்கள், மேலே புல்வெளி தடையில்லாமல் ஓடும்.

வீட்டுத் தெற்கு வாசலில் நின்று பாருங்கள். புல்வெளி இறங்கி, மறுபடி குன்றில் ஏறுகிறது. உச்சியில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் ஒரு பெரிய சீனத்துச் சாடி. கண் முதலில் அந்தச் சாடியில் போய் நிற்கிறது, அங்கிருந்து ஏரிக்குத் தாவுகிறது, அதற்கப்பால் தாதுகோபத்துக்கு. ஒரு சாடியை வைத்ததன் மூலம் தனக்குச் சொந்தமில்லாத ஏரியையும் குன்றையும் கோயிலையும் தன் தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார். இதைப் படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் நிற்கும்போதுதான் அந்தத் தூரம் உடம்பில் உறைக்கும். படத்தில் சாடி பெரிதாகத் தெரிகிறது. நேரில் அது சிறிது, தூரம்தான் பெரிது.

வடக்குப் பக்கம் வேறு குணம். மொட்டை மாடி போன்ற தளம், ஈழத்தலரி மரங்கள். நாம் கோயில் பிராகாரத்தில் பார்க்கும் அதே பெருங்கள்ளி மரம்தான். இங்கே கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு விரும்பிய வளைவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குக் கீழே நிலம் செங்குத்தாக ஏரிக்கு இறங்குகிறது. அடியில் நீர்த்தோட்டம், சின்ன வயல்கள், கரையில் ஒரு சிறுத்தைச் சிலை. தோட்டத்தின் வெவ்வேறு இடங்களில் மணிகள் தொங்கும். ஒவ்வொன்றின் ஓசையும் வேறு. பாவா எங்கே உட்கார்ந்திருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று வேலையாட்கள் மணியோசையை வைத்துத் தெரிந்துகொள்வார்களாம். காலைச் சாப்பாடு ஒரு மரத்தடியில், மாலைக் குடிவகை இன்னொரு மேடையில். வெயில் நகர்ந்தபடி ஆளும் நகர்ந்திருக்கிறார். 2003-ல் இறந்தபோது கறுவாக் குன்றில்தான் அவருக்கு எரியூட்டினார்கள்.

பகலில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க நேரங்கள் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முழுவதையும் நடந்துவிடலாம். இங்கேதான் என் கருத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: முடிந்தால் ஓர் இரவு உள்ளே தங்குங்கள். மற்ற நாட்களில் சாதாரண விடுதியில் இருந்து மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள். சுற்றுலாக் குழுக்கள் போன பிறகு மாலை ஐந்து மணிக்கு அந்தத் தோட்டம் வேறு இடம். காலையில் ஏரியிலிருந்து ஆவி எழும்போது தாதுகோபம் மறைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். எனக்குத் தெரிந்து பாவாவின் வேலை முழுதாகப் புரிகிற நேரம் அதுதான்.

அங்கேயே இன்னொரு அதிசயமும் இருக்கிறது. பத்திக் என்ற மெழுகுச் சாயத் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவா கட்டிய வீடு, சுற்றுச் சுவருக்குள் நடுமுற்றம் வைத்து நவீன இலங்கை வீட்டுக்கு வழி காட்டியது. நகரத்தில் அந்த மனையைத் தக்கவைக்க முடியாமல் போனபோது, 2009-ல் வீட்டைக் கல் கல்லாக, கதவு கதவாகக் கழற்றி, எண் போட்டு, லுனுகங்காவுக்குக் கொண்டுவந்து அதே அளவில் திரும்பக் கட்டினார்கள். நம் ஊரில் எத்தனை செட்டிநாட்டு வீடுகள் தூண் தூணாகப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வீட்டின் முற்றத்தில் நிற்கும்போது தொண்டை அடைக்கும்.

பக்கத்திலேயே களவிலவில் பிரீஃப் தோட்டம். பாவாவின் அண்ணன் பெவிஸ் பாவா 1929-லிருந்து உருவாக்கியது. தம்பிக்குத் தோட்ட ஆசை வரக் காரணமே இதுதான் என்று சொல்வார்கள். லுனுகங்கா திறந்து விரிவது. பிரீஃப் அடர்ந்து மூடுவது. கிளைகளுக்கடியில் குனிந்து போக வேண்டும், சிலைகள் திடீரென்று முகத்துக்கு நேரே வரும். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள், ஒரே நாளில் வேண்டாம். கொசுவுக்குத் தைலம் அவசியம்.

கடற்கரை விடுதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர்கள் மாறிவிட்டன. புத்தகங்களில் பெந்தோட்டை பீச் ஹோட்டல் என்று வருவது இப்போது சின்னமன் பெந்தோட்டை பீச். செரண்டிப் என்பது அவானி பெந்தோட்டை. அஹுங்கல்லவில் இருந்த டிரைட்டன் இப்போது ஹெரிடன்ஸ் அஹுங்கல்ல. பேருவளையின் நெப்டியூன் ஆயுர்வேத விடுதியாகிவிட்டது. இவற்றில் முதலாவது 1969-ல் திறந்தது, இலங்கையின் சுற்றுலா விடுதிக் கட்டடத்துக்கே வழிபோட்டது. அதன் வரவேற்பு மண்டபத்தில் மேலே அண்ணாந்து பாருங்கள்: ஏனா டி சில்வாவின் பத்திக் துணிகள் கூரை முழுக்க. அண்மையில் பெரிய அளவில் புதுப்பித்திருக்கிறார்கள். பழையது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அஹுங்கல்லவில் வாசலில் நுழைந்ததும் முதல் குளம், மண்டபம், நீச்சல் குளம், கடல் என்று நீர் ஒரே கோட்டில் ஓடுகிறது. தங்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் போனாலே இதைப் பார்த்துவிடலாம், பணமும் மிச்சம்.

இன்னும் தெற்கே போக ஒரு நாள் இருந்தால் காலி நகரத்துக் கோட்டைக்கு வெளியே லைட்ஹவுஸ் விடுதி. வளைந்தேறும் படிக்கட்டில், போர்த்துக்கீசியரோடு சிங்களப் படை மோதிய ரந்தெனிவல போரைச் சிற்பி லக்கி சேனநாயக உலோக உருவங்களாக நிறுத்தியிருக்கிறார். மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம் 1980-களில் கட்டியது. கடலோரக் குன்றுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், அவற்றை இணைக்கும் கூரையிட்ட நடைகள். கட்டடக் கலை மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. மற்றவர்களுக்குப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்ப்பதே போதும்.

கண்டலம

இனி எதிர்த்தரப்பு. கண்டலமவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பாவா என்றால் அதுதான் என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

1991-ல் ஒரு விடுதி நிறுவனம் சிகிரியாப் பாறையின் அடிவாரத்தில் கட்டச் சொல்லி பாவாவை அழைத்தது. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஹெலிகாப்டரில் சுற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, கண்டலம ஏரிக்கு மேல் ஒரு பாறை முகட்டைக் காட்டினார். சிகிரியாவின் காலடியில் உட்காருவதைவிட ஏரிக்கப்பால் அதைத் தொலைவில் வைத்துப் பார்ப்பதே அதற்கு மரியாதை என்பது அந்த முடிவின் பொருள். ஏரி மாசுபடும், காடு அழியும் என்று சூழலியலாளர்களும் பிக்குகளும் கடுமையாக எதிர்த்தார்கள். 1994-ல் விடுதி திறந்தது. 152 அறைகள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். இன்று ஏரியின் மறுகரையிலிருந்து தேடினால் கட்டடத்தைக் கண்டுபிடிக்கக் கண் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். கருமை பூசிய கான்கிரீட் தூண்கள், மேலே மண் போட்டு வளர்த்த கூரை, முகப்பு முழுவதும் தொங்கும் கொடிகள்.

குகை வாய் போன்ற வாசலில் நுழைந்து, நீண்ட நடையில் திரும்பும்போது, மலையின் பாறை சுவராக உள்ளேயே வந்து நிற்கிறது. பாறையை வெட்டாமல் கட்டடம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. மழை நீர் வழக்கமான வழியில் ஓட அடியில் இடம் விட்டிருக்கிறார்கள். படிக்கட்டின் மேல் லக்கி சேனநாயக செய்த ஆந்தை சிறகு விரித்திருக்கும். குரங்குகள் பால்கனிக்கு வரும், கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி அறிவிப்பு இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது கொண்டாட்டம். ஒரு கட்டடத்தை அவர்கள் இவ்வளவு ஆர்வத்தோடு சுற்றிப் பார்ப்பது அபூர்வம்.

சிகிரியா, தம்புள்ளைக் குகைக் கோயில், சற்றுத் தள்ளிப் பொலன்னறுவை என்று சுற்றிலும் பார்ப்பதற்கு இருப்பதால், கட்டடக் கலையில் ஆர்வமில்லாத வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போகலாம். ஒருவருடைய ஆர்வத்துக்காக நால்வர் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. பெந்தோட்டைக்கு இந்த வசதி குறைவு: கடல் குளியல் பிடிக்காதவர்கள் இரண்டாம் நாளே ஊர் திரும்பக் கேட்பார்கள்.

அப்படியானால் ஏன் கண்டலமவை நான் முதலில் வைக்கவில்லை? ஒன்று, தனியாக நிற்கிறது. அங்கே பாவாவின் கட்டடம் ஒன்றே ஒன்று. பெந்தோட்டையில் இளம் வயதில் தொடங்கிய தோட்டம், நடுவயதில் கட்டிய விடுதி, முதுமையில் கறுவாக் குன்றில் கட்டிய சின்ன வீடு என்று ஒரு மனிதரின் கை எப்படி முதிர்ந்தது என்பதைச் சில கிலோமீட்டருக்குள் பார்க்கலாம். கண்டலமவில் முடிந்த பழம் மட்டும் கைக்குக் கிடைக்கிறது. இரண்டு, அது பெரிய விடுதி. மண்டபத்தில் குழுக்கள், பஃபே வரிசை, திருமணப் படப்பிடிப்பு என்று பருவ காலத்தில் இரைச்சல் உண்டு. மூன்று, செலவு. அங்கே தங்காமல் போய்ப் பார்ப்பதில் பெரிய பொருளில்லை. தங்கினால் லுனுகங்காவுக்கு வைத்திருந்த பணம் போய்விடும். கொழும்பிலிருந்து சாலையில் நான்கு மணி நேரம் போவது வேறு. ரயிலும் வசதியாக இல்லை.

மாதம் பார்த்து முடிவு

ஆனால் மழைக்கு எந்த வாதமும் எடுபடாது. தென்மேற்குப் பருவமழை மே மாதம் பெந்தோட்டைக் கரையில் இறங்கும். செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், குளிக்க விட மாட்டார்கள். நம் பள்ளி விடுமுறை சரியாக அதன் தொடக்கத்தில் வருகிறது. அதே மாதங்களில் தம்புள்ளைப் பக்கம் வறண்டு, காற்றடித்து, வானம் தெளிவாக இருக்கும். ஆகவே மே கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் யோசிக்காமல் கண்டலமவைத் தேர்ந்தெடுங்கள். கொழும்பில் ஒரு நாள், கண்டலமவில் இரண்டு இரவு. அக்டோபரும் நவம்பரும் இரு பக்கமும் நனையும், தவிர்க்கலாம். டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை கரையோரம் மிக நன்றாக இருக்கும். பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு நாள் எடுக்க முடிந்தால் அதைவிட நல்ல காலம் கிடையாது.

தனியாகவோ இணையோடோ போகிற, மழையைப் பொருட்படுத்தாத ஒருவர் ஜூனில் லுனுகங்காவுக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்றே சொல்வேன். அந்த அகலமான இறவாரங்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்பது சாரல் அடிக்கும்போதுதான் தெரியும். நீர்த்தோட்டம் நிரம்பி வயல் பச்சையாக இருக்கும். கடலை மட்டும் மறந்துவிட வேண்டும்.

பெந்தோட்டைத் தேர்வுக்கு நான் போடும் நாள் கணக்கு: முதல் நாள் கொழும்பில் 11-ஆம் எண் வீடு, கேலரி கஃபே, மாலை சீமா மாலகை. இரண்டாம் நாள் காலை ரயிலில் அளுத்கம, பிற்பகல் பிரீஃப், இரவு பெந்தோட்டையில் நடுத்தர விடுதி. மூன்றாம் நாள் மதியம் லுனுகங்காவுக்குள் நுழைந்து, மறுநாள் காலை பத்து மணி வரை வெளியே வராமல் இருப்பது. நான்காம் நாள் அஹுங்கல்லவில் சாப்பாடு, மாலை காலிக் கோட்டை மதில். ஐந்தாம் நாள் திரும்புதல். முன்பதிவு செய்யும்போது லுனுகங்கா அறையில் தொடங்குங்கள். அறைகள் சொற்பம், அது கிடைக்கிற தேதியை வைத்துத்தான் விமானச் சீட்டு வாங்க வேண்டும். அடுத்து 11-ஆம் எண் வீட்டு நேரம். மற்றதெல்லாம் கடைசி வாரத்தில்கூட அமையும்.

இலங்கைப் பயணம் இந்த வருடம் முடியாது என்கிறவர்களுக்கு ஒரு வழி மதுரையிலேயே இருக்கிறது. கோச்சடையில் மதுரா மில் அதிகாரிகளுக்கான கிளப்பை 1970-களின் தொடக்கத்தில் பாவா வடிவமைத்தார். பழைய கல்தூண்களையும் உள்ளூர்க் கல்லையும் அவர் எப்படிக் கையாண்டார் என்பதை அங்கே பார்க்கலாம். இப்போது அது ஹெரிடேஜ் மதுரை என்ற தங்கும் விடுதியின் பகுதி, சாப்பிடப் போனாலும் பார்க்கலாம். சென்னை கன்னிமாரா விடுதியையும் அதே ஆண்டுகளில் அவர் மாற்றியமைத்தார். பின்னால் நடந்த புதுப்பிப்புகளில் அவர் கை எது என்று பிரித்துச் சொல்வது கடினம். கோச்சடையில் அந்தச் சிக்கல் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போய், கல் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்த உட்கார்தல் உங்களுக்குப் பிடித்திருந்தால் லுனுகங்காவுக்கு அறை கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடத் தோன்றினால் கண்டலமவே உங்களுக்குச் சரி.